படகை விட்டு இறங்கியவள்

கலியம்மாளைப் பற்றி அவள் ஊரில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கு ஒரே பதில்தான் வரும்: படகை விட்டுட்டு ஓடுனவ. ஓடினாள், உண்மைதான். யாரைக் கூட்டிக்கொண்டு ஓடினாள், எதற்கு ஓடினாள் என்று ஒருத்தராவது கேட்டார்களா என்றால் இல்லை. பேசுகிற வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள், பேசிவிட்டுப் போனார்கள்.

திருமானூருக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது அந்த ஊர். கலியம்மாளின் அப்பா பரிசல்காரர். அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் அவருடைய பரிசலை விட்டால் வேறு வழி கிடையாது. அவருக்குத் தோள்பட்டை இறங்கிப்போய் கையைத் தூக்க முடியாமல் ஆனபோது வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. கலியம்மாள் துடுப்பை எடுத்தாள். பொம்பளை தள்ளும் பரிசலில் ஏற மாட்டோம் என்று வீராப்புப் பேசியவர்கள் எல்லாம், அக்கரைச் சந்தைக்கு நேரமானதும் வாயை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். அப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

அந்த ஊரில் ஆடிப்பெருக்கு அன்று ஒரு வழக்கம் உண்டு. ஆற்று நடுவில் இருக்கும் மணல்திட்டில் கன்னிமார் கல் ஒன்று இருக்கிறது. முளைப்பாரியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு பெண்கள் அங்கே போய்ப் படையல் வைப்பார்கள். முதல் பரிசலைத் தள்ளுகிறவருக்கு ஊரே கூடி நின்று, மஞ்சள் பூசிய துடுப்பைக் கையில் கொடுக்கும். அது அவள் அப்பாவின் கைக்கு வந்தது, பிறகு அவள் கைக்கு வந்தது. பாலம் கட்டிப் பரிசல் தொழில் முடிந்துபோன பிறகும் வருஷத்துக்கு ஒரு நாள் அந்தத் துடுப்பு மட்டும் அவளிடம்தான் வரும். நிலம் நீச்சு இல்லாத குடும்பம். ஊரார் முன்னால் அவளுக்கென்று இருந்த ஒரே மரியாதை அது.

பாலம் வந்தபின் அவள் புருஷன் சிங்காரவேலு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போனான். கலியம்மாளும் அவள் சித்தப்பா மகன் வீரமணியும் கடற்கரைப் பக்கம், உப்பங்கழியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகும் ஒரு தனியார் படகுத்துறையில் துடுப்புத் தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அலையாத்திக் காட்டுக்குள் சந்து சந்தாக ஓடும் வாய்க்கால்களில் சின்னப் படகுகளைத் தள்ளிப் போக வேண்டும். தண்ணீர் உப்பு, சேறு கறுப்பு, மற்றபடி துடுப்பு துடுப்புதான். கலியம்மாளுக்கு ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

அங்கே மேனேஜர் வேல்முருகன். டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு மேலே பெரிதாக ஒரு பலகை எழுதி மாட்டியிருந்தான். ஆபத்து நேரத்தில் ஊழியர்கள் படகைத் துறைக்குக் கொண்டுவந்து கட்டிய பிறகே வெளியேற வேண்டும் என்பது அதில் உள்ள முதல் விதி. அந்தத் துறை எங்கே இருக்கிறது தெரியுமா? கழி கடலில் போய் விழுகிற முகத்துவாரத்தில், அலைச் சத்தம் கேட்கிற இடத்தில். கடல் பொங்கினால் முதல் அடி அங்கேதான் விழும். ஆபத்து வந்தால் ஆபத்தின் வாயிலேயே படகைக் கொண்டுவந்து கட்டு என்று ஒருவன் எழுதி வைத்திருக்கிறான், அதை ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. கலியம்மாளும் கேட்கவில்லை. பரிசல்காரர் மகளுக்கு, படகைக் கரை சேர்க்காமல் ஆள் கரையேறக் கூடாது என்பது பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பேச்சு.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குரும்பலூரில் சின்ன வெங்காய மண்டி வைத்திருக்கும் பரணிதரன், பெண்டாட்டி ஜெயலட்சுமி, இரண்டு பிள்ளைகள், இன்னும் சில சொந்தக்காரர்களோடு வந்திருந்தான். கலியம்மாளின் பேச்சைக் கேட்டதும், "நம்ம பக்கத்து ஆளு" என்று சொல்லி அவள் படகிலேயே ஏறினார்கள். கூட வந்தவர்கள் பின்னால் இன்னொரு படகில். அதையும் கயிறு கட்டி இவளே இழுத்துப் போனாள். வீரமணி வேறு ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

காட்டுக்குள் பாதி தூரம் போயிருப்பார்கள். மீனவர் குடியிருப்பிலிருந்து ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது. காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. சுமத்ரா, பூகம்பம், சுனாமி எச்சரிக்கை. அடுத்த நிமிஷம் கலியம்மாளின் போன் அடித்தது. வேல்முருகன்தான். எல்லாப் படகையும் உடனே துறைக்குத் திருப்பச் சொன்னான். ஒரு படகு குறைந்தாலும் யாரும் வேலைக்கு வர வேண்டாம் என்று அதையும் சேர்த்துச் சொன்னான். ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

துறைக்குப் போவதென்றால் கடலைப் பார்த்துப் போக வேண்டும். அது அவளுக்கு ஒப்பவில்லை. என்ன செய்வது என்று வாய்க்காலின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அப்போதுதான் அவள் கை, கொள்ளிடத்தில் பழகிய வேலையைச் செய்தது. மேலே அணையில் திடீரென்று தண்ணீர் திறந்துவிட்டால் பரிசல்காரர்கள் என்ன செய்வார்கள்? ஆட்களை இறக்க மாட்டார்கள். பரிசலைக் கரையோர மரத்தில் கட்டி, எல்லோரையும் நடுவில் குந்தவைத்து, வெள்ளம் தணிகிறவரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். வெள்ளத்தில் பரிசல் மிதக்கும், ஆள் மிதக்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. கலியம்மாளும் இரண்டு படகையும் ஒரு பெரிய அலையாத்தி மரத்து வேரில் இறுக்கிக் கட்டினாள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றாள். பிள்ளைகளைப் படகின் நடுவில் உட்காரவைத்தாள்.

கட்டி முடித்துப் பார்த்தால் வாய்க்காலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. சேற்றில் மீன் துள்ளியது. கலியம்மாளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் வற்றினால் மேலே ஷட்டரை இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் கூடையை எடுத்துக்கொண்டு குட்டையில் தேங்கிய மீனைப் பிடிக்க ஓடும். பயமில்லை, தண்ணி வத்துது என்று அவளே வாய்விட்டுச் சொன்னாள். பரணிதரனின் பையன் மீனைப் பிடிக்கப் படகிலிருந்து கால் வைக்கப் போனான். அவள் தடுக்கக்கூட இல்லை.

அந்த நேரத்தில் சேற்றுக்குள்ளிருந்து ஒருத்தி ஓடிவந்தாள். பூவிழி. அந்தக் காட்டில் நண்டு பிடித்துப் பிழைக்கிற பெண். கலியம்மாளுக்கு முகம் தெரியும், அவ்வளவுதான். கூடையைக் கீழே போட்டுவிட்டு, இடுப்புவரை சேறு வழிய, இவர்கள் கட்டிய கயிற்றைப் பார்த்தாள்.

"என்ன கட்டி வச்சிருக்க? ஆளுங்களைச் சாவடிக்கவா? அவுத்து எறக்கு," என்றாள்.

கலியம்மாள் படகு மிதக்கும் என்றாள். பூவிழிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் வந்த சுனாமியில் அவளுடைய அம்மாவும் தம்பியும் இதே வாய்க்காலில், இதே மாதிரி வேரில் கட்டிய படகில்தான் இருந்தார்கள். படகு மிதக்கவில்லை, மரத்தோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அது ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஏறாது, சுவர் மாதிரி தள்ளிக்கொண்டு வரும், கூடவே மரமும் படகும் வீட்டுக் கூரையும் வரும் என்றாள். தண்ணீர் வற்றுவது நல்லதுக்கு இல்லை, கடல் உள்ளே இழுக்கிறது என்றாள். நடுக்கடலில் என்ஜின் போட்டில் இருக்கிறவன் கரைக்கு வராமல் ஆழத்துக்குப் போய்விடுவான், அங்கே அலை படகுக்கு அடியில் ஓடிவிடும் என்றாள்.

"என்ஜின் வச்சிருக்கறவன் ஆழத்துக்கு ஓடலாம். துடுப்பு வச்சிருக்கறவன் அலையை முந்த முடியாது. கிட்டத்துல கரை இருந்தா எறங்கி மேட்டுக்கு ஓடு. படகு போனா போவுது."

கலியம்மாள் கயிற்றைப் பார்த்தாள். தன் கையால் போட்ட முடிச்சு. அந்தப் பிள்ளைகளையும் சேர்த்து மரத்தில் கட்டிப்போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு நொடிதான். பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. பரணிதரனின் சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், எல்லோரையும் இறங்கச் சொன்னாள். மிதவைச் சட்டையை மட்டும் யாரும் கழற்றக் கூடாது என்றாள். பை, செருப்பு எதையும் எடுக்க விடவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த வீரமணியைக் கத்திக் கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். மேனேஜர் துறைக்கு வரச் சொல்லியிருக்கிறார் அக்கா என்று சொல்லிவிட்டு, படகு நிறைய ஆட்களோடு கடல் பக்கமாகத் துடுப்பைப் போட்டான்.

பூவிழி முன்னால் வழி காட்ட, முழங்கால் சேற்றில் இழுத்துப் பறித்துக்கொண்டு உப்பளத்துக் கரைமேட்டுக்கு ஏறினார்கள். அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடிக்கு. பரணிதரன் வழியெல்லாம் முணுமுணுத்தான். புதுச் செருப்பு சேற்றில் போய்விட்டது, கேமரா பை படகிலேயே கிடக்கிறது. ஜெயலட்சுமி மட்டும் பையனின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

மாடியில் இருந்து பார்த்தபோது, கழியில் தண்ணீர் ஒரு முறை ஏறி இறங்கியது. இடுப்பளவு இருக்கும். கட்டிய படகில் ஒன்று வேரில் மோதிப் பிளந்துகொண்டது. அவ்வளவுதான். உடனே பரணிதரன் கீழே போகக் கிளம்பிவிட்டான். அலை வந்து போய்விட்டதே, இன்னும் என்ன என்று கேட்டான். முன்னால் வந்ததில் முதல் அலையை விட அடுத்து வந்ததுதான் பெரிது, முதல் அலை போனதும் இறங்கி வந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள் என்று பூவிழி சொன்னாள். கலியம்மாள் படிக்கட்டில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள். தாண்டிப் போகிறேன் என்றவனைத் தாண்ட விடவில்லை. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விலகியது என்று தெளிவாகச் சொன்ன பிறகுதான் எழுந்து வழிவிட்டாள். அதற்குள் பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

பெரிய அலை வரவில்லை. நல்லது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

வேல்முருகன் வீரமணியின் தோளில் கைபோட்டு, இவன்தான் ஆம்பளை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினான். கடலின் வாயில் கொண்டுபோய் ஆட்களை நிறுத்தியதற்குப் பாராட்டு. கலியம்மாளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினான். பிளந்த படகைக் காட்டி, நாக்கு மேல் பல்லைப் போட்டு என்னென்னவோ பேசினான். பலகையில் எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாதா என்று கேட்டான். அந்தப் பலகையை அவன் கழற்றவே இல்லை.

பரணிதரன் அதற்கு மேல் ஒரு படி போனான். மாடியில் உட்கார்ந்திருந்தபோதே செல்போனில் ஒரு வீடியோ எடுத்திருந்தான். சேறு பூசிய காலையும் கிழிந்த பேண்டையும் காட்டி, பயந்தாங்கொள்ளிப் படகுக்காரி ஒருத்தி படகை விட்டுவிட்டு ஓடி, தங்களையும் சேற்றில் இழுத்துவந்து சீரழித்துவிட்டாள் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசி அனுப்பிவிட்டான். பெரம்பலூரிலிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து திருமானூர் என்று குழுக்குழுவாக அது பரவியது. கலியம்மாள் பஸ் ஏறி ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்னால் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியவளை டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்த சிரிப்பு அவளுக்கு முதலில் புரியவில்லை.

புரிந்தபோது அவள் அழவில்லை. பஸ் ஏறிக் குரும்பலூருக்கே போனாள். மண்டியில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பரணிதரன் அவளைப் பார்த்ததும் கொஞ்சம் நெளிந்தான். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னான், டீ வாங்கிக் கொடுத்தான். நடந்ததை நடந்தபடி இன்னொரு தடவை போனில் சொல்லிவிடுங்கள், அது போதும் என்று கேட்டாள். அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, விவரம் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் இன்னும் எரிச்சல்.

"வந்திருந்தா ஒங்கள சாமின்னு கும்புட்டிருப்பேம்மா. வரலையே," என்றான்.

"வருதுன்னு கண்ணால பாத்தப்பறம் ஓடுறதுக்கு நேரம் இருக்காதுங்க," என்றாள் கலியம்மாள். "அதுக்கு முன்னாடி ஓடுனாத்தான் உண்டு. அப்ப ஓடுனா ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கு."

அவன் வாசல் பக்கம் பார்த்தான். மூட்டை எடைபோட ஆள் வந்துவிட்டான் என்று எழுந்து போனான். அவள் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தாள். ஒரு நிமிஷம் செலவழித்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசத் தெரிந்த மனுஷனுக்கு, ஒரு நிமிஷம் செலவழித்து உண்மையைச் சொல்ல முடியவில்லை. நல்ல மனுஷன்தான், பிள்ளைகுட்டிக்காரன்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஆடி பிறந்தது. மேட்டூரில் தண்ணீர் திறந்து கொள்ளிடத்தில் நுரை கட்டி ஓடியது. இந்த வருஷம் முதல் துடுப்பை யாரிடம் கொடுப்பது என்று கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். இத்தனை வருஷத்தில் அதற்கு ஒரு கூட்டம் போட்டதே கிடையாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு நடுவழியில் படகை விட்டவள் கையில் கன்னிமாருக்குப் போகிற பரிசலைக் கொடுக்கலாமா என்று ஒருவன் கேட்டான். போன வருஷம் அதே பரிசலில் அவன் தாயாரைத் தூக்கி உட்காரவைத்தவள் கலியம்மாள்தான். வாய் கூசாமல் கேட்டான்.

நாட்டாமைக்காரர் கெட்டவர் இல்லை, ஊர் இரண்டுபடக் கூடாது என்று நினைக்கிறவர். அவர் ஒரு வழி சொன்னார். பெரிய அபராதம் ஒன்றும் வேண்டாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவள் ஊர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லட்டும், துடுப்பை வாங்கிக்கொள்ளட்டும்.

சிங்காரவேலு லாரியை நிறுத்திவிட்டு அதற்காகவே வந்தான். ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காமல் அவளிடம் கெஞ்சினான். ஒரே ஒரு வார்த்தை, காசா பணமா, சொல்லித் தொலைத்தால் நம்ம வீட்டு மரியாதை நம்ம வீட்டிலேயே இருக்கும் என்றான். கலியம்மாள் அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள். அவளுக்கும் அந்தத் துடுப்பு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அப்பா செத்த வருஷம்கூட அழுது வீங்கிய முகத்தோடு போய் அதை வாங்கியவள் அவள்.

ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரை நிரம்பியிருந்தது. முளைப்பாரியைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பரிசல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. நாட்டாமைக்காரர் மஞ்சள் பூசிய துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லிடு, கலியம்மா. வாங்கிக்க."

கலியம்மாள் முன்னால் வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டு எழுந்தாள். அப்பாடா என்று சிங்காரவேலு மூச்சுவிட்டான்.

"தெரியாம செஞ்சது ஒண்ணு இருக்குங்க," என்றாள். "மொதல்ல புள்ளைங்களப் படகுலயே உக்கார வச்சிக் கட்டிப் போட்டேன் பாருங்க, அது தெரியாம செஞ்சது. நம்ம ஆத்துப் புத்தியில செஞ்சது. அதுக்குத்தான் இந்தக் கும்புடு. எறக்கிவிட்டு ஓடுனேனே, அது தெரிஞ்சி செஞ்சது. நாளைக்கே அந்தத் தண்ணி வந்தாலும் அதத்தான் செய்வேன்."

கூட்டத்தில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். படகில் இருந்ததுதான் தப்பு, விட்டு ஓடியது சரி என்கிறாளே, இது என்ன மன்னிப்பு என்று பேசிக்கொண்டார்கள். நாட்டாமைக்காரர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பெருக்குக்கு ஊர் வந்திருந்த வீரமணியிடம் துடுப்பை நீட்டினார். படகைக் கரை சேர்த்த பிள்ளை என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். வீரமணி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு பரிசலில் ஏறினான்.

வரிசையில் முதலாவதாக நின்றவள் மலர்கொடி. அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிள்ளையோடு படையலுக்கு வருகிறாள். முளைப்பாரியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஒரு காலைப் பரிசலுக்குள் வைத்தாள். இன்னொரு கால் கரையிலேயே இருந்தது.

"வீரமணி அண்ணே," என்றாள். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. நடு ஆத்துல ஏதாச்சும் ஆச்சின்னா மொதல்ல எம் புள்ளையப் பாப்பியா, பரிசலப் பாப்பியா?"

வீரமணி வாயைத் திறந்தான். திறந்தவன், பதில் சொல்வதற்கு முன்னால் நாட்டாமைக்காரரைத் திரும்பிப் பார்த்தான்.

மலர்கொடி காலை வெளியே எடுத்துவிட்டாள்.